சருகு டெப்போவிலிருந்து சகலைக்கு

மதிப்பிற்குரிய பெரிய சகலை அவர்களுக்கு,

தங்கள் இளைய சகலை எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள், கிடங்கு, லாரிகள் அனைவரும் நலம். தங்கள் நலத்தைத் தங்கள் மனைவி தன் தங்கையிடம் தினமும் தொலைபேசியில் ஒப்பித்துவிடுவதாலும், நான் கேட்காமலே என் மனைவி அதை எனக்கு ஒலிபரப்பிவிடுவதாலும், தங்கள் ரத்த அழுத்தம், கடைவாய்ப் பல், புதுக் கண்ணாடி வரை நான் அறிவேன். ஆயினும் கடிதம் என்றால் நலம் விசாரித்தாக வேண்டும் என்பதால் விசாரித்திருக்கிறேன். இதை நெருக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. இன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. என் டெப்போவை மூடவில்லை. படித்ததும் பக்கத்தில் இருந்த தலையணை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "அத்தானுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றாள். போனில் சொல்கிறேன் என்றேன். "போன்லயா? போன்ல நீங்க நன்றின்னு ஆரம்பிச்சா பழைய போட்டோவுலதான் போய் முடிப்பீங்க. பேசாம எழுதுங்க. கை வலிச்சா தானா நிறுத்திடுவீங்க" என்றாள். அவள் கணக்கு தப்பு. கை வலிக்கவில்லை.

பழைய போட்டோ என்று வந்துவிட்டதால் அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். மாமனார் வீட்டு விசேஷத்தில் குடும்பமாக நின்று படம் எடுத்தபோது, படக்காரர் "ரெடி" என்ற அதே நொடியில் தாங்கள் ஓர் எட்டு முன்னால் வைத்தீர்கள். அதன் விளைவாக அந்தப் படத்தில் என் இடது காது மட்டும்தான் இருக்கிறது. மாமனார் வீட்டுக் கூடத்தில் அது இன்றும் தொங்குகிறது. வருகிறவர்கள் "இது யார் காது?" என்று கேட்கிறார்கள். அன்றோடு நம் பேச்சு நின்றது. ஒரே சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் ஆளுக்கொரு ஊரில் டெப்போ மேலாளராக இருந்துகொண்டு, தங்கள் ஊர் டைல்ஸைத் தாங்கள் என் ஊருக்கு அனுப்புவதும், என் ஊர் மெத்தை தலையணைகளை நான் தங்கள் ஊருக்கு அனுப்புவதுமாகக் காலம் ஓடியது. நம் லாரிகள் தினமும் சாலையில் எதிரும் புதிருமாகப் போய்வந்தன. நாம் மட்டும் ஒரு சொல் பேசாமல் கௌரவமாக வாழ்ந்துவந்தோம்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் அளவை அம்மாள். அவர் பெயர் எனக்கு இன்றுவரை நாக்கில் நிற்கவில்லை, ஆகவே டெப்போவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். எந்த டெப்போ எவ்வளவு புகை விடுகிறது என்று அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தத் தலைமை அலுவலகம் அவரை அமர்த்தியது. தாங்கள் அப்போது முதலிடத்தில் உட்கார்ந்திருந்ததால் இந்த விவகாரம் தங்களுக்கு இனித்திருக்கும். கடைசியில் கிடந்தவனுடைய கதையை இப்போது கேளுங்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை கிராம் புகை, இதுதான் அந்த அம்மாளின் அளவுகோல். தங்கள் லாரியில் டைல்ஸ். பாதி வண்டி ஏற்றினாலே டன் கணக்கு எகிறிவிடும், அந்தப் புகையை அத்தனை டன்னுக்கும் பங்கு வைத்தால் டன்னுக்கு ஒரு பெருமூச்சளவுதான் வரும். என் லாரியில் தலையணை. கூரை முட்ட அடைத்தாலும் எடை மேடையில் முள் அசையாது. அந்த முழுப் புகையையும் சுமக்க என்னிடம் நாலு பஞ்சு மூட்டை. "மேடம், தலையணையை யாரும் எடை போட்டு வாங்குறதில்லை. வண்டி நிறைஞ்சிருக்கா இல்லையான்னு பாருங்க" என்று மன்றாடினேன். "அளவுகோல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ஆளுக்கொரு அளவுகோல் குடுத்தா எல்லாரும் முதலிடம்தான்" என்றார். படித்த பெண்மணி. நானும் படித்தவன்தான் என்பதால் இன்னும் எரிந்தது.

முடிவு எல்லா டெப்போவிலும் அறிவிப்புப் பலகையில் ஏறியது. முதலிடத்துக்குப் பச்சை இலைப் படம், நடுவில் உள்ளவர்களுக்கு மஞ்சள் இலை, கடைசிக்கு ஒரு சருகு. தங்களுக்குப் பச்சை. எனக்குச் சருகு. நாலு நாளில் கூலியாட்களிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை என்னைச் 'சருகு சார்' ஆக்கிவிட்டார்கள். அடுத்த முறையும் சருகு வந்தால் என் டெப்போவை மூடி, பச்சை இலை வாங்கிய டெப்போவோடு சேர்த்துவிடுவார்கள் என்று உத்தரவு. அதாவது தங்கள் டெப்போவோடு. நான் தங்களுக்குக் கீழே உதவி மேலாளர். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஜன்னலில்லாத அறையைத் தாங்கள் எனக்கென்று வெள்ளையடிக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா என்று இப்போது கேட்க மாட்டேன். என் மனைவியோ "ஐயோ பாவம் நீங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டே, அக்காள் ஊருக்குக் குடிபோகும் சந்தோஷத்தில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எந்தத் தட்டில் சாப்பிடுவது என்று தேட வேண்டியதாயிற்று.

வாழ்வா சாவா என்று ஆனபின் மனிதன் என்னதான் செய்ய மாட்டான்? மெத்தைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அப்பளம் போல் தட்டையாக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தேன். ஒரு மெத்தை இருந்த இடத்தில் மூன்று மெத்தை. வண்டியின் எடை ஏறியது, என் மனம் லேசாயிற்று. அந்த வெயிலில் பாதி வழியில் பிளாஸ்டிக் உறைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, உள்ளே மெத்தைகள் மூச்சுவிட ஆரம்பித்தன. தங்கள் ஊர்க் கடைவாசலில் வண்டி நின்றபோது அதன் இரண்டு பக்கமும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல் உப்பியிருந்ததாம். டிரைவர் கதவை ஓரடி திறக்க, மீதியை மெத்தைகளே திறந்துகொண்டன. கடை முதலாளியைக் காணோம் என்று தேடி, கடைசியில் தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு மெத்தையின் மேல் அவர் சௌகரியமாக மல்லாந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "அடி எதுவும் படலை, சரக்கு நல்ல சரக்கு" என்றாராம். ஒரு நல்ல வார்த்தை அவர் ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது.

அடுத்து, வண்டியை மெதுவாக ஓட்டினால் டீசல் மிச்சம் என்று யாரோ சொல்ல, எங்கள் டிரைவர்களிலேயே வேகமானவரான புயலைக் கூப்பிட்டுக் காலைப் பூப்போல வைக்கச் சொன்னேன். புயல் எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவரை முந்திக்கொண்டு டாட்டா காட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் நடந்தே வந்து ஜன்னலைத் தட்டி, "என்னண்ணே, நெஞ்சு வலியா? ஆம்புலன்ஸ் சொல்லவா?" என்று கேட்டாராம்.

அதுவும் போகட்டும். கிடங்கின் மின்சாரத்தையும் அந்த அம்மாள் கணக்கில் சேர்க்கிறார் என்று தெரிந்து, பாதி விளக்குகளைக் கழற்றினேன். அந்த அரையிருட்டில் எங்கள் காவலாளி பட்டப்பகலில் மெத்தை அடுக்கின் நடுவே கண்ணயர, ஆட்கள் அவரையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அவர் கண் விழித்தது தங்கள் ஊரில். அதன்பின் நடந்தது தங்களுக்கே தெரியும். அந்த மனிதரின் சட்டைப் பையில், 'ஒன்று கூடுதலாக வந்துள்ளது. சேதமில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். என் டெப்போவே கூடி நின்று அதை வாய்விட்டுப் படித்தது. சகலை அவர்களே, அந்த முத்திரையை நான் மறக்கவில்லை. நன்றிக் கடிதம் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து, இரண்டாம் முறை அளவெடுப்பும் வந்தது. மூடுவதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அளவை அம்மாள் புயலின் லாரியில் ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். தங்கள் ஊரில் மெத்தைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், பாதித் தொலைவில் இருக்கும் அந்த டீக்கடையில் புயல் வண்டியை நிறுத்தினார். அங்கே எதிர்ப்பக்கமிருந்து வந்து நிற்கிறது தங்கள் லாரி. முன் சீட்டிலிருந்து இறங்குகிறீர்கள் நீங்கள். நிற்கும்போது இன்ஜினை அணைக்கிறாரா என்று உங்கள் டிரைவரை வேவு பார்க்க வந்தீர்கள் என்று பின்னால் அறிந்தேன். பச்சை இலைக்காரருக்கும் பயம் இருந்திருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களால் ஊகிக்க முடியாது.

நாம் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நம் டிரைவர்கள் இருவரும் "வா மாப்ளே", "சொல்லு மாப்ளே" என்று தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே பொட்டலத்து பிஸ்கட்டைப் பங்கு போட்டார்கள். அளவை அம்மாள் டீ கிளாஸைப் பிடித்தபடி எழுந்து போய் என் லாரியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு உங்கள் லாரியின் பின்பக்கம். பிறகு மறுபடி என் லாரி. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடை மேடையில் தலையணை ஏறியபோதுகூட அவர் அப்படிக் குழம்பவில்லை.

"ரெண்டு லாரியும் ஏன் காலியாப் போகுது?" என்றார்.

"திரும்பி வர்றப்ப சரக்கு கிடைக்காது மேடம்" என்றேன் நான்.

"எங்களுக்கும் கிடைக்காது மேடம்" என்றீர்கள் நீங்கள், சுவரைப் பார்த்தபடி.

"கொஞ்சம் இருங்க. இவர் ஊருக்கு நீங்க டைல்ஸ் கொண்டுபோய் இறக்கிட்டு காலியாத் திரும்புறீங்க. உங்க ஊருக்கு இவர் மெத்தை கொண்டுவந்து இறக்கிட்டு காலியாத் திரும்புறார். ஒரே ரோடு. ஒரே கம்பெனி. அந்த லாரி திரும்பி வர்றப்ப இந்தச் சரக்கை ஏத்திக்கிட்டா, பாதி நாள் வண்டியே எடுக்க வேண்டாமே. ஒரு போன் பண்ணிக் கேட்டுக்க மாட்டீங்களா?"

"இவர்கிட்டயா?" என்றோம். நாம் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏன், இவர் உங்களுக்கு யாரு?"

நான் என் லாரியின் டயரைப் பார்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். புயல்தான் பிஸ்கட்டை முழுங்கிவிட்டு, "சகலை மேடம். அக்காவைக் கட்டினவரு அவரு, தங்கச்சியைக் கட்டினவரு இவரு. பேசிக்க மாட்டாங்க" என்றார்.

அந்த அம்மாள் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார். "இத்தனை நாளா நான் அளந்தது டீசல் புகைன்னு நினைச்சேன். எல்லாம் குடும்பப் புகையா? இதுக்கு நான் எந்த அளவுகோலைப் போடுறது?" என்றார். உங்கள் காது சிவந்தது. என் காதும் சிவந்திருக்கும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின் அவர் மறுபடி அதிகாரி ஆகிவிட்டார். "சரி, இவர் டெப்போவை மூடி உங்களோட சேர்த்துட்டா பேசாத பிரச்சினையே இருக்காதே. ஒரே மேலாளர், ஒரே முடிவு" என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உதவி மேலாளர், ஜன்னலில்லாத அறை, ஆயுள் முழுக்க "வணக்கம் சார்". நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா மாட்டேனா என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. நீங்கள் டீயை ஆற்றி, ஒரு மடக்குக் குடித்து, சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "அது சரிப்படாது மேடம். மெத்தையை ஏத்தி இறக்குறதுல இவருக்கு இருக்கிற பக்குவம் எனக்குக் கிடையாது. என் ஆளுங்க டைல்ஸ் மாதிரி தூக்கிப் போட்டுக் கிழிச்சிடுவாங்க. அங்க இவர் இருந்தாத்தான் என் வண்டிக்குத் திரும்பி வர சரக்கு."

உங்கள் வண்டிக்காகச் சொன்னீர்கள், எனக்காக அல்ல என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் "பக்குவம்" என்ற சொல்லை வண்டிக்காகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே என்பதும் மனதில் உறுத்துகிறது.

அதற்குப்பின் நடந்ததை இருவரும் சேர்ந்தே செய்தோம். தினமும் காலையில் ஒரு போன். முதல் வாரம் நாம் பேசிய பேச்சை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் கடத்தல்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள். "மெத்தை?" "இருக்கு." "டைல்ஸ்?" "உண்டு." டொக். உங்கள் டைல்ஸ் என் லாரியில் என் ஊருக்கு வந்தது. என் தலையணை உங்கள் லாரியில் உங்கள் ஊருக்குப் போனது. ஒரு நாள் நீங்கள் வழக்கம்போல் வைக்காமல், "இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டீர்கள். நான் தடுமாறி, "நாப்பது கட்டு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. இடுப்பு இப்போது தேவலை.

அளவை அம்மாளும் ஒரு படி இறங்கி வந்தார். லேசான சரக்குக்கு எடையோடு இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மெத்தையை மெத்தையோடுதான் ஒப்பிட வேண்டும், டைல்ஸோடு அல்ல என்று புது முறை எழுதினார். அது நான் முதல் நாளே கத்தியது. நன்றி என்று ஒரு வார்த்தை எனக்கு இல்லை, போகட்டும். அந்த முறைப்படி, வண்டிகள் காலியாக ஓடுவது அறவே ஒழிந்ததால், நம் இரண்டு டெப்போவுக்கும் பச்சை இலை. சருகைப் பலகையிலிருந்து நானே கிழித்தேன். மறுநாள் டீ கொண்டுவந்தவர் "சார், டீ" என்றார். வெறும் சார். அந்த டீயை நான் நிதானமாகக் குடித்தேன். என் மனைவி பாத்திரங்களைப் பேப்பரிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆகவே, டீக்கடையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும், அதன் எல்லைக்குள் மட்டும், நன்றி. நமக்குள் இனி ஒளிவு மறைவு இல்லை, காலி லாரி இல்லை, கணக்கில் வராத எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம். உங்கள் லாரிகள் பஞ்சரில்லாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் இளைய சகலை,
மேலாளர் (மூடப்படாத டெப்போ)

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை என் மனைவி வாங்கிப் படித்தாள். இடுப்பு வலி வரை வந்தபோது கண் கலங்கினாள். கடைசியில் 'காலி லாரி' என்ற இடத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எது காலி? நீங்க ஏறிப் போன அந்த ஒரு நாளைத் தவிர, இத்தனை வருஷமா அந்த லாரி என்னைக்குக் காலியாப் போச்சு?" என்கிறாள். அக்காளும் தங்கையும் நம் டிரைவர்களைப் பிடித்துவைத்து, திரும்பும் வண்டியில் தையல் மெஷின், சைக்கிள், தொட்டில், அலமாரி என்று இரண்டு வீட்டுச் சாமான்களையும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மேசை, ஏலத்தில் எடுத்ததாக என்னிடம் சொல்லப்பட்டது, உங்களுடையதாம். நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ, அதன் இடது கை ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் அது ரிப்பேருக்குக் கொடுத்துத் தொலைந்துபோனதாக நான் நம்பிய என் நாற்காலி. புயலும் உங்கள் டிரைவரும் அந்த டீக்கடையில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி பிஸ்கட் தின்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. காலி என்று நாம் எழுதிக்கொடுத்த வண்டிகள் காலியில்லை என்றால், அளவை அம்மாள் போட்ட ஒப்பீடு மொத்தமும் தப்பு, காலி ஓட்டம் ஒழிந்ததற்கென்று தந்த நம் பச்சை இலை உட்பட. அடுத்த வாரம் அவர் உங்கள் டெப்போவுக்கு வருகிறார். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள், நானும் திறக்க மாட்டேன். என் மனைவிக்கோ வேறு கவலை. நாம் சமாதானமாகிவிட்டதால் உங்கள் மனைவி அனுப்ப வைத்திருந்த பீரோ அங்கேயே நிற்கிறதாம், நம்மை யார் சேரச் சொன்னது என்று கேட்கிறாள். உங்கள் மேசையைத் திருப்பி அனுப்புவதுதான் முறை. ஆனால் லாரியில் இடமில்லை.